பதினோரு காலி உறைகள்

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தில் நான் பியூனாக இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. பெயர் படிக்கத் தெரியும், எண் படிக்கத் தெரியும். அந்த வேலைக்கு அது போதும். நாலு பேர் இருக்கிற இடத்தில் மட்டும் எனக்குப் பேச்சு வராது. டீ வாங்கி வரச் சொன்னால் எத்தனை டீ என்று திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டு, குத்துமதிப்பாக வாங்கி வந்து திட்டு வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் செக்ரட்டரியின் மேசைக்கு முன்னால் போய் நின்று, யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது.

சங்கத்தில் நூற்று நாற்பது சொச்சம் உறுப்பினர்கள். ஒவ்வொருவருக்கும் கெட்டிக் காகிதத்தில் பழுப்பு நிற உறை ஒன்று உண்டு. உறையின் மேல் உறுப்பினர் எண்ணும் பெயரும் எழுதியிருக்கும். ஒருவர் சேர்ந்த அன்றைக்கே உறை போட்டு, எண் கொடுத்து, அலமாரியில் வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர் எது எழுதிக் கொடுத்தாலும், பாவு நூல் அறுந்து அறுந்து போகிறது என்ற புகாரானாலும் சரி, தறிக்கு மரம் வேண்டும் என்ற மனுவானாலும் சரி, அந்த உறைக்குள்தான் போகும். எதுவுமே எழுதிக் கொடுக்காதவருடைய உறை வெறுமனே இருக்கும்.

ஒரு கோடையில் அலமாரியின் கீழ்த்தட்டில் கரையான் ஏறியது. பெரிய சேதம் இல்லை, சில உறைகளின் ஓரம் மட்டும் அரிபட்டிருந்தது. ஆனாலும் செக்ரட்டரி பயந்துவிட்டார். எல்லா உறைகளுக்கும் நகல் எடுத்து, அடுத்த தெருவில் இருந்த சாயப்பட்டறை மாடியில் பத்திரமாக வைக்கச் சொன்னார். எழுதுகிற வேலை குமாஸ்தாவுக்கு. அலமாரியிலிருந்து ஒவ்வொரு உறையாக எடுத்துவந்து அவர் மேசையில் வைத்து, முடிந்ததும் திரும்ப வைக்கிற வேலை எனக்கு.

முதல் நாள் பதினோரு உறைகள் ஒழுங்காகப் போயின. பன்னிரண்டாவதை வைத்தபோது குமாஸ்தா அதைத் திறந்து பார்த்து, கவிழ்த்து உதறினார்.

"இன்னாபா இது?"

"பன்னெண்டு சார்."

"நம்பர கேக்கல. உள்ள இன்னா இருக்குது?"

"ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லாததுக்கு நான் இன்னாத்த நகல் எடுக்கறது? காத்தையா? பேப்பர் இருக்கறத மட்டும் எடுத்துக்கினு வா. வெறும் உறைய கொண்ணாந்து என் உசிர வாங்காத."

அதிலிருந்து நான் ஒரு வழக்கம் பிடித்துக்கொண்டேன். அலமாரியில் இருக்கும்போதே உறையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்திப் பார்ப்பேன். தடிமனாக இருந்தால் எடுப்பேன். தட்டையாக இருந்தால் அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவேன். இந்த வேலைக்கு வருமுன் தறியில் உட்கார்ந்திருந்த காலத்தில் நூலைப் பார்க்காமலே விரலால் எண்ணிப் பழகியவன். உறையை அழுத்துவது எனக்குச் சுலபமாக இருந்தது. அந்தப் பன்னிரண்டாவதையும் சேர்த்து மொத்தம் பதினோரு உறைகள் அப்படி விட்டுப்போயின. எண்ணிக்கை நினைவில் நின்றது. மேலே எழுதியிருந்த பெயரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அந்த வருட ஐப்பசி மழையில் சங்கத்துக் கூரையின் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது அலமாரி தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. உறைகள் ஊறிப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகியிருந்தன. கீழ் இழுப்பறையில் இருந்த உறுப்பினர் பதிவேட்டைத் தூக்கினால் கையோடு பிய்ந்து வந்தது. செக்ரட்டரி தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "நல்ல வேளை, நகல் இருக்குது" என்றார். எல்லோரும் அதையே சொன்னோம்.

சாயப்பட்டறை மாடியிலிருந்து கட்டுகளைச் சுமந்து வந்தேன். புது அலமாரி, புது உறைகள். குமாஸ்தா ஒவ்வொரு கட்டையும் பிரித்து உறையில் போட்டு, மேலே எண் எழுதிக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரத்தில் பேனாவை நிறுத்தினார்.

"நடுநடுவுல நம்பர் தாவுதே."

நான் பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன்.

"செத்தவன், ஊர உட்டுப் போனவன் நம்பரா இருக்கும்" என்று அவரே சொல்லிக்கொண்டார். "இப்பிடி ஓட்ட ஓட்டையா இருந்தா ஆடிட்டுக்கு வர்றவன் பேன் பாப்பான். வரிசையாவே போட்டுடறேன்."

எண் ஏன் தாவுகிறது என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். அவர் திட்டுவார் என்ற பயத்தில் பசையைக் கிண்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலத்துக்குள் புது அலமாரியில் ஒன்றிலிருந்து கடைசி வரை எந்த இடைவெளியும் இல்லாமல் உறைகள் நின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வெளியே நெசவாளர்களுக்கு வீடுகள் கட்டினார்கள். எங்கள் சங்கத்துக்கு அறுபது வீடுகள் வந்தன. ஒவ்வொரு வீட்டிலும் தறிக்குழி தோண்டத் தனிக் கூடம். சங்கத்தில் யார் முதலில் சேர்ந்தார்களோ அந்த வரிசைப்படி முதல் அறுபது பேருக்கு என்று முடிவாயிற்று. குமாஸ்தா புது உறைகளைப் பார்த்து ஒன்று முதல் அறுபது வரை பெயர்களை டைப் அடித்தார். திங்கட்கிழமை அதை நோட்டீஸ் பலகையில் ஒட்டியவன் நான்தான். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மெட்ராஸ் ஆபீஸ் ஜீப் வந்து பட்டியலை வாங்கிக்கொண்டு போகும். அதன் பிறகு ஒரு எழுத்துகூட மாற்ற முடியாது.

நாலு நாளில் ஆறேழு பேர் சாட்சிகளோடு வந்து தாங்களும் பழைய உறுப்பினர்கள் என்றார்கள். ஒருவர் சேர்ந்தே ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. செக்ரட்டரி வெறுத்துப்போய், உறையில் இருப்பதுதான் கணக்கு, யார் வாய்ச்சொல்லையும் கேட்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு நெசவாளரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். மாதம் ஒரு தடவை சேலையைக் கொடுத்துவிட்டுப் புதுப் பாவு வாங்கிப் போவார். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அவர் பலகையில் விரல் வைத்து மேலிருந்து கீழே வரை இறங்கினார். மறுபடி மேலே போய் இன்னொரு தடவை இறங்கினார். பிறகு குமாஸ்தாவின் மேசைக்கு வந்தார்.

"என் பேரு உட்டுப்போயிருக்குது சார். நான் நாப்பத்தொண்ணு."

குமாஸ்தா உறையை எடுத்துப் பார்த்தார். "நாப்பத்தொண்ணு வேற ஆளுபா."

"இல்ல சார், நான்தான். சேந்த அன்னிக்குக் குடுத்த நம்பரு."

"ரசீது வச்சிருக்கியா?"

மனைவி முந்திக்கொண்டார். "எங்க சார் இருக்குது? அந்த மழையில எங்க வூட்டு செவுரும்தான் உளுந்துச்சி. பெட்டியோட ஊறிப் போச்சு."

"எதுனா மனு, புகாரு எழுதிக் குடுத்திருக்கியா எப்பனா?"

"இல்லிங்க சார்" என்றார் அவர்.

"ஒண்ணுகூடவா?"

"எங்க கேப்பாரு?" என்றார் அந்த அம்மா. "எல நெறைய சோறு இருந்தா உப்பு இல்லன்னுகூட கேக்க மாட்டாரு. சங்கத்துலயா கேக்கப் போறாரு?"

அவர்கள் இருந்த வாடகை வீட்டைத் தைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். ஐந்து மாதமாகத் தேடியும் இடம் கிடைக்கவில்லை. தரையில் குழி வெட்டித் தறி போடுகிறவனுக்கு யாரும் லேசில் வீடு தருவதில்லை. பாவு நீளத்துக்குக் கூடமும் வேண்டும். இடம் இல்லாவிட்டால் தறியைப் பிரித்துக் கட்டிவைத்துவிட்டு யார் வீட்டிலாவது கூலிக்கு உட்கார வேண்டியதுதான். அந்த அம்மா இதையெல்லாம் குமாஸ்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது கணவர் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் நின்று அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் விரல் அழுத்திவிட்டுப் போன உறை இவருடையது என்று அப்போதே எனக்குத் தோன்றிவிட்டது.

குமாஸ்தா கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு பண்ணலாம். நாலு வருசத்துக்கு முந்தின தேதி போட்டு ஒரு மனு எழுதிக் குடு. நகல் கட்டுல ஒண்ணு கீழ உளுந்து கெடந்துச்சின்னு நான் சொல்லிக்கறேன்."

"இன்னான்னு எழுதறது சார்?"

"பாவு சரியில்லன்னு எழுதேன்."

"எனக்கு வந்த பாவு எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

"யோவ், நல்லா இருந்துச்சா இல்லியான்னா கேட்டேன்? எழுதுன்னேன்."

"வேணாம் சார். இத்தினி வருசத்துல நான் எதுவும் கேட்டதில்ல. கேட்டேன்னு பொய்யா எழுதி வூடு வாங்கிக்கினா அதுல தறி ஓட்ட எனக்கு மனசு வராது."

"கேட்டுக்கோங்க" என்று அந்த அம்மா எங்கள் எல்லோரையும் பொதுவாகப் பார்த்துச் சொன்னார். "இந்த மனுசன வச்சிக்கினு நான் இருபத்தஞ்சி வருசமா குப்ப கொட்றேன்."

அப்படிச் சொன்னாரே தவிர, காகிதத்தை வாங்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருவரும் வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். வீட்டுக்குப் போகவும் மனமில்லை, உள்ளே வரவும் வழியில்லை.

ஒரு மணி அடித்தது. நான் சாப்பிடப் போகவில்லை. குடிதண்ணீர்ப் பானையை இரண்டு தடவை கழுவினேன். சொன்னால் குமாஸ்தாவுக்கும் கெட்ட பெயர். என் வேலையும் போகலாம். சொல்லாவிட்டால் நாலு மணிக்கு ஜீப் போய்விடும், அவ்வளவுதான், ஒருவருக்கும் தெரியாது. இந்த இரண்டாவதுதான் என்னை உட்காரவிடாமல் செய்தது. ஒன்றரைக்குச் செக்ரட்டரி அறைக்குள் போனேன்.

"இன்னா, டீயா? வேணாம்."

"இல்ல சார்."

"பின்ன?"

"காலி உறைங்க சார்" என்றேன்.

"இன்னா காலி உறை?"

துண்டு துண்டாகத்தான் சொன்னேன். பேப்பர் இல்லாத உறைகள் இருந்தன. நகல் எடுக்கும்போது அவற்றை நான் எடுத்துக் கொடுக்கவில்லை. மழையில் போனதும் திரும்பி வந்தது பேப்பர் இருந்த உறைகள் மட்டும்தான். அப்புறம் எண்ணை வரிசையாக்கிவிட்டோம். வெளியே உட்கார்ந்திருக்கிறவர் பொய் சொல்லவில்லை.

குமாஸ்தா எழுந்து வந்து கதவோரம் நின்றார். "டேய், ரெண்டு வருசமா வாயில இன்னா வச்சிக்கினு இருந்த?"

"இரு" என்றார் செக்ரட்டரி. "எத்தினி உறை?"

"பதினொண்ணு சார்."

"இவர் பேர்ல ஒண்ணு இருந்துச்சா? நீ கண்ணால பாத்தியா?"

சன்னல் வழியாக அந்த அம்மாவின் முதுகு தெரிந்தது. பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் வெளியே அவர் ஒரு பொய்த் தாளை வேண்டாமென்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்காக நான் பொய் சொல்வது சரியாகப் படவில்லை.

"பேரு பாக்கல சார். வெரலால அழுத்தி மட்டும் பாத்தேன்."

"அப்போ போச்சு" என்றார். "பதினொண்ணு இருந்துச்சின்னா நான் எந்தப் பதினோரு பேர நம்பறது?"

"மொத காலி உறை பன்னெண்டு சார். அத மட்டும் குமாஸ்தா சார் மேசையில கொண்டுபோய் வச்சேன். பழைய நம்பரு மனுவுக்குள்ள எழுதியிருக்கும். அதப் பாத்தா எங்கெங்க தாவுதுன்னு தெரியும்."

என் வாழ்க்கையில் அந்த அறைக்குள் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு உறையாகத் திறந்து உள்ளே இருந்த மனுவின் தலைப்பில் உறுப்பினர் எண் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தோம். பதினொன்று வரை மேலே இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதான். பன்னிரண்டு என்று மேலே எழுதிய உறைக்குள் பதிமூன்று இருந்தது. செக்ரட்டரி என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு இருபத்தெட்டு வரை வந்து முப்பதுக்குத் தாவியது. குமாஸ்தா வேகமாகப் புரட்டினார். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. அடுத்த உறைக்குள் நாற்பத்திரண்டு இருந்தது.

"நாப்பத்தொண்ணு இல்ல" என்றார் குமாஸ்தா. தனக்குத் தானே சொல்லிக்கொண்டது போல இருந்தது.

அறுபது தாண்டி இன்னும் சில உறைகளைப் பார்த்தோம். அதற்குள் வேறு ஓட்டை இல்லை. மணி மூன்று அடித்திருந்தது. நாலு மணிக்கு வர வேண்டிய ஜீப் அதற்குள் வெளியே வந்து நின்ற சத்தம் கேட்டது.

செக்ரட்டரி நெசவாளரை உள்ளே கூப்பிட்டார். மனைவியும் கூடவே வந்தார்.

"நீங்க சேந்த அன்னிக்கு வரிசையில நின்னீங்க இல்ல? உங்களுக்குப் பின்னால யாரு?"

"எங்க எதிர் வூட்டுக்காரன் சார். கையில சேவலோட நின்னான். அன்னிக்கு இருந்த தலைவரு, சேவலுக்கும் நம்பர் போடணுமான்னு கேட்டாரு."

"பேரு?"

சொன்னார். செக்ரட்டரி நாற்பத்திரண்டாம் எண் போட்ட மனுவைப் பிரித்தார். அதே பெயர்.

"முன்னால?"

"என் மச்சான்."

செக்ரட்டரி நாற்பதைப் பிரித்தார். முகம் மாறியது. "இல்லியே. வேற ஆளு."

நெசவாளருக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவிதான் அவர் தோளில் இடித்தார். "உன் மச்சான் ஒரு ஆளு முன்னாடி பூந்துட்டான்யா. அன்னிக்கு வூட்டுக்கு வந்து அதச் சொல்லிச் சொல்லித்தான திட்டிக்கினு இருந்த?"

செக்ரட்டரி முப்பத்தொன்பதைப் பிரித்துப் பார்த்தார். மச்சானின் பெயர் அதில் இருந்தது. பிறகு மடித்து வைத்துவிட்டு, "பட்டியல மறுபடி டைப் அடி" என்றார். "நாப்பத்தொண்ணுல இவரு. பன்னெண்டும் இருபத்தொம்போதும் யாருன்னு தெரியல. எடம் உட்டு வையி. தேடிப் புடிச்சிச் சேக்கறேன்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுக்கறேன். இனிமே எந்த உறையும் காலியா இருக்கக் கூடாது. ஒரு தாளு வையி. பேரு, நம்பரு, இது இன்னும் காலின்னு எழுதி வையி."

"ஒண்ணுமில்லன்னு எழுதறதுக்கு ஒரு தாளா?" என்று குமாஸ்தா கேட்டார். பழக்கத்தில் கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி, "சார், மூணு பேர நடுவுல வச்சா கடைசி மூணு பேரு வெளிய போவாங்க. அறுபதுதான் வூடு" என்றார்.

நான் அதை நினைத்தே பார்த்திருக்கவில்லை.

"யாரு சார் அந்த மூணு பேரு?" என்று நெசவாளர் கேட்டார்.

"அது உங்களுக்கு வேணாம்" என்றார் செக்ரட்டரி.

நெசவாளர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

டைப்ரைட்டர் நாலரை வரை ஓடியது. ஜீப் டிரைவர் இரண்டு தடவை உள்ளே எட்டிப் பார்த்து முணுமுணுத்துவிட்டுப் போனான். கார்பன் தாளை உருவிப் பட்டியலைக் கவரில் போட்டுக் கொடுத்தோம். ஜீப் போனதும் செக்ரட்டரி என்னைப் பார்த்தார்.

"வேலையெல்லாம் ஒண்ணும் போவாது. பயப்படாத. பலகையில இருக்கற பழைய நோட்டீஸ கிழிச்சிடு. அந்த மூணு பேருகிட்டயும் இன்னிக்கே நீயே போய்ச் சொல்லிடு. நாளைக்கு அவங்க இங்க வந்து பலகையப் பாத்துத் தெரிஞ்சிக்கக் கூடாது."

முதல் வீட்டில் ஆள் இல்லை. அவர் மனைவி இருந்தார். சங்கத்திலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் சாவி எப்போது தருவார்கள் என்று கேட்டுக்கொண்டே ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் குடித்துவிட்டேன். குடித்த பிறகுதான் சொன்னேன். அவர் சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. இரண்டாவது ஆள் தெருவில் நின்று சத்தம் போட்டார். எவனிடம் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டார். சுற்றிக் கூட்டம் கூடியது. தலையைக் குனிந்துகொண்டு அவர் முடிக்கும் வரை நின்றேன்.

மூன்றாமவர் தறியில் இருந்தார். நான் வாசலில் நின்றே சொல்லி முடித்தேன். உறைகளை விட்டது நான் என்பதையும் சொன்னேன். அவர் நாடாவை இப்படியும் அப்படியும் வீசுவதை நிறுத்தவில்லை. சேலைக் கரையில் பூ ஒன்று முடிகிற வரை போட்டார். பிறகு நிமிர்ந்தார்.

"எனக்கு முன்னால ஒருத்தன் நின்னிருந்தா அவனுக்குத்தான் மொதல்ல. அதுல நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

கும்பிடக் கையைத் தூக்கினேன்.

"இரு. எங்க போற? நாலு நாளா என் பொஞ்சாதி எந்தச் சாமான மொதல்ல வண்டியில ஏத்தறதுன்னு கட்டிக்கினு இருக்கறா. அவகிட்ட என்னால சொல்ல முடியாது. உள்ளதான் இருக்கறா. நீயே போய்ச் சொல்லு."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.